ரிவர்ஸ் விழாத கார்

இந்தக் கதையில் பொய் சொல்பவர் யாரும் இல்லை. விடை கண்டுபிடிப்பது அதனால்தான் கஷ்டம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியிடம் ஆரோக்கியம் டிரைவராக இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நாள் ஈரோடு, மறுநாள் மதுரை என்று ஓட்டிவிட்டு வீடு திரும்பினால் சாப்பிடக்கூட உட்கார முடியாமல் இடுப்பு வலிக்கும். ஆனாலும் வண்டியை நோகாமல் ஓட்டுகிறவர் என்ற பெயர் அவருக்கு ஊரில் உண்டு. இந்த வயதிலும் வேலை கிடைத்தது அந்தப் பெயரால்தான்.

தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரம். கார் எப்போது பார்த்தாலும் புழுதி. முதலாளியின் மனைவி கோமதி அதைக் கழுவச் சொன்னார். சீட்டுக்குப் புது உறை போட்டார். கடை வாசலுக்கு வாங்கியதில் மிஞ்சிய தடித்த தேங்காய்நார் மிதியடியை வெட்டி, பழைய ரப்பர் மிதியடிகளின் மேல் விரித்தார். கண் படாமல் இருக்க முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்.

அந்த வாரமே கியர் மாற்றும்போது கர்ரென்று அடிக்க ஆரம்பித்தது. ரிவர்ஸ் விழவே அடம் பிடித்தது.

"கிளட்சை முழுசா மிதிய்யா," என்றார் சௌந்தரபாண்டி.

"முட்டுற வரைக்கும்தான் மிதிக்கிறேன் முதலாளி."

ஜமாலின் பட்டறைக்கு வண்டி போனது. சௌந்தரபாண்டியும் கூடவே போனார். எந்தக் கார் வந்தாலும் ஜமால் முதலில் காலடியில் கிடப்பதையெல்லாம் உருவி வெளியே வைப்பார். கிரீஸ் பட்டுவிட்டால் வண்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அன்றும் அப்படித்தான் செய்தார். எஞ்சினை நிறுத்தி கியர் போட்டுப் பார்த்தார்; சத்தமில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டார், அப்போதும் இல்லை. மேட்டில் ஏற்றிப் பார்த்தார். வண்டி திணறவில்லை, கருகல் வாடையும் வரவில்லை. கிளட்ச் ஆயில் சரியாக இருந்தது.

"வண்டியில ஒண்ணுமில்ல அண்ணே. கிளட்சை அரைகுறையா மிதிச்சாத்தான் இப்படி அடிக்கும்."

மிதியடிகளைத் தட்டி, இருந்தபடியே அடுக்கி, சாவியைக் கொடுத்தார். ஆரோக்கியம் பட்டறையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். கர்ர்ர்.

"என்ன டிரைவரே, வறுகடலையா அரைக்கிறீங்க?" என்றார் ஒருவர். நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

சௌந்தரபாண்டிக்கு முகம் சிவந்தது. "பாய் கையில விழுற கியர் உம்ம கையில ஏன்யா விழல? கால்ல பலம் போச்சுன்னா சொல்லிட்டு நிக்க வேண்டியதுதானே. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ஆரோக்கியத்துக்கே தன் கால் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வண்டியில் கோளாறு இல்லை என்றார் ஜமால். முட்டும் வரை மிதித்தேன் என்றார் ஆரோக்கியம். ஒருவர் கையில் விழும் கியர் இன்னொருவர் கையில் விழவில்லை என்றார் சௌந்தரபாண்டி. மூன்றும் உண்மை. அப்படியானால் கியர் ஏன் அடித்தது? ஆரோக்கியத்தை வேலையை விட்டு அனுப்பியது சரியா?

விடை: நார் மிதியடிதான் காரணம். கிளட்ச் தரைவரை போகாமல் அதன் மேல் முட்டி நின்றது. ஜமால் மிதியடியை உருவிவிட்டு ஓட்டினார். ஆரோக்கியம் அதை வைத்துக்கொண்டு ஓட்டினார். கிளட்ச் அரைகுறையாக இறங்குகிறது என்று ஜமால் சொன்னது சரி. பழியைக் காலின் மேல் போட்டது தவறு. ஆரோக்கியம் எப்படி ஓட்டுகிறாரோ அப்படியே ஓட்டவிட்டு, ஜமால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். குனிந்து ஒரு முறை பார்க்காதது ஆரோக்கியத்தின் தவறும்தான். ஆனால் வேலையை விட்டு அனுப்பும் அளவுக்கு அது பெரிதில்லை. புது டிரைவர் வந்த அன்றே கியர் அடித்தது. அவர் குனிந்து பார்த்து மிதியடியை எடுத்துப் போட்டார். சௌந்தரபாண்டி ஆரோக்கியத்தின் வீட்டுக்கே போய், மறுபடி வரச் சொன்னார்.

"வர்றேன் முதலாளி. ஆனா கால்ல குறையில்லன்னு இங்க சொன்னா பத்தாது. பட்டறையில, அன்னிக்குச் சிரிச்சவங்க முன்னாடி சொல்லணும்."

"அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை போவோம்."

"வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிடுவார், பட்டறை பூட்டியிருக்கும் முதலாளி," என்றார் ஆரோக்கியம்.