மூணாம் தூணுக்கு வந்த வெள்ளம்

வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போது இல்லை. முதலில் பொறியாளர் நாச்சிமுத்து சாரை டீக்கடை பெஞ்சில் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கணும். அரை மணி நேரத்துக்கு அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் எங்கம்மா வேலை போயிரும்.

எங்கம்மா ஆவுடையம்மாளுக்கு ஆற்றில் தண்ணி அளவு பார்க்கிற வேலை. பாலத்து மூணாம் தூணில் கீழேயிருந்து பத்து மீட்டர் உயரத்துக்குக் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். மழைக்காலத்தில் மணிக்கொரு தடவை, தண்ணி எந்தக் கோட்டில் நிற்குதுன்னு பார்த்து ஆபீஸுக்குப் போனில் சொல்லணும். மூணு நாளைக்கு முன்னே, கோயில் கொடைக்கு மதிலில் பட்டை அடித்துக்கொண்டிருந்தார் அம்மாவின் தம்பி, என் பூல்பாண்டி மாமா. சுண்ணாம்பும் காவியும் மிச்சம். "தூணு மட்டும் ஏன் மூளியா நிக்கணும்?" என்று மூணாம் தூணுக்கும் உச்சியிலிருந்து தண்ணி மட்டம் வரைக்கும் வெள்ளை, காவி, வெள்ளை, காவி. ஒரு எண் தப்பவில்லை. காலையில் ரெண்டு பேர் தூணைக் கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

அம்மா அசரவில்லை. மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிப் பாலத்துச் சுவரிலிருந்து இறக்கினாள். தண்ணி வரைக்கும் எத்தனை முடிச்சுன்னு எண்ணி, பத்தில் கழித்து, மணி தவறாமல் ஆபீஸுக்குச் சொன்னாள். இன்றைக்குப் பார்த்துப் புதுப் பொறியாளர், பன்னிரண்டு மணிக்கு நேரில் வருவதாகப் போன் பண்ணிவிட்டார்.

"அழிச்ச கையாலயே எழுதுலே," என்று அம்மா மாமாவின் இடுப்பில் வடத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். முடிச்சுக் கயிற்றையும் பக்கத்திலேயே இறக்கினாள். "முடிச்சுக்கு ஒரு எண்ணு போடு. அம்புட்டுதான்."

மாமா ரெண்டு முடிச்சு இறங்குவதற்குள், பதினொன்றேகாலுக்கே டீக்கடை வாசலில் பைக் வந்து நின்றது.

"ஏனுங் அம்மணி, இங்க அளவு பாக்கறவங்க எங்கீங்?"

பெருந்துறைக்காரர். வார்த்தைக்கு வார்த்தை ஒரு ங்.

"எங்கம்மாதான் சார். நான் கோமு. அம்மா அளவு எடுத்துக்கிட்டு இருக்கா. நீங்க இப்படி உக்காருங்க. இந்த ஆத்து அளவைப் பத்தி ஒரு சங்கதி இருக்கு. கேட்டா சிரிச்சுச் சிரிச்சு உருளுவீங்க."

"சொல்லுங் பாக்கலாம்."

"டீ வரட்டும் சார். வெறும் வயித்துல சிரிச்சா வாயு பிடிக்கும்."

கடைக்காரர் தவசி அண்ணாச்சிக்கு விஷயம் தெரியாது. அவருக்கு எதையும் நம்பாத வியாதி வேறு. "ஏளா, உன் சங்கதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சாரு வேலையப் பாக்க விடு," என்றார். சார் எழுந்திருக்கப் போனார். அவ்வளவுதான், நான் மடையைத் திறந்துவிட்டேன்.

"சார், ஆத்து வேகத்த எப்படி அளப்பீங்க? மேல ஒண்ணை மிதக்க விட்டு, கீழ வந்து சேர எத்தனை நேரம்னு பாப்பீங்க, சரிதானா? போன ஐப்பசியில மேல்பாலத்துல நின்னு தேங்காமட்டையை எறியப் போறேன், கீழ்ப்பாலத்துல இருந்து அம்மா போன் பண்ணுதா. 'மட்டை வந்து மூணு நிமிசம் ஆச்சுளா'ங்கா!"

"எறியாம எப்படிளா வரும்?" அண்ணாச்சி.

"அதான் அண்ணாச்சி வேகம்! எனக்கே கூச்சமாப் போயிட்டு. கணக்கு உதைக்கக் கூடாதுன்னு அப்புறமா எறிஞ்சேன்."

சார் கன்னத்தைச் சொறிந்தார். "அப்படீன்னா வேகம் மைனஸ்ல வருமுங்களே?"

"அப்படியேதான் அம்மா சொன்னா. 'ஆறு மேக்க ஓடுதா'ன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. 'பொறுங்க, திரும்பி வந்ததும் சொல்லுதேன்'னுட்டா."

சார் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்தார். அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். மாமா பல்லி மாதிரித் தூணில் ஒட்டிக்கொண்டு, நாலாவது முடிச்சுக்கு இறங்கியிருந்தார். இங்கிருந்து எண்கள் தெரியவில்லை. தூரிகை ஆடுவது மட்டும் தெரிந்தது.

"சிரிப்பு வல்லீங்களே அம்மணி."

"வந்துக்கிட்டு இருக்கு சார். அணையில காலையிலதான் திறந்தாங்க. இங்க வந்து சேர நேரமாகும்."

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "வேகம் இருக்கட்டும், அந்தத் தூணு..." என்று ஆரம்பித்தார். சார் கழுத்து திரும்பப் பார்த்தது.

"ஆமா சார், தூணு! அதையே சொல்லுதேன்!" என்று அண்ணாச்சி வாயை மறித்தேன். "வெள்ளம் வந்துச்சு பாருங்க, ஒரு மணி நேரத்துல ஒம்பது மீட்டர்! தூணுல இருந்த எண்ணெல்லாம் முங்கிச் செத்துருவோம்னு பயந்து மேல ஏற ஆரம்பிச்சுட்டு. எட்டுக்குக் கவலையே இல்ல, ரெண்டு டயரக் கட்டுன மாதிரி மிதந்துட்டு. நாலுக்கு ஒத்தக்காலு, எப்படி ஏறும்? ஏழுதான் பாவம் பாத்துக் கொக்கியப் போட்டு இழுத்துச்சு. ஒண்ணு இருக்கே, அது யாரையும் பாக்காம சுவத்துல சாஞ்சு ஏறிப் பாலத்துல பஸ்ஸுக்கு நின்னுட்டு."

"எந்த பஸ்ஸு?"

"ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுதான் அண்ணாச்சி. வேற எதுல ஏத்துவாங்க?"

சார் டீயை உறிஞ்சினார். "இப்பத் தூணுல எண்ணெல்லாம் எறங்கிருச்சுங்களா?"

மாமாவைப் பார்த்தேன். ஆறாவது முடிச்சு. "இறங்கிக்கிட்டே இருக்கு சார்," என்றேன். நான் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

"நான் பாக்கோணும்ங்," என்று எழுந்தே விட்டார். இனிமேல் புளுகு பத்தாது, குரல் பண்ணணும். பசு, பஸ் கண்டக்டர், அணைச் சங்கு, எல்லாம் எனக்கு வரும். காலையில் போனில் கேட்ட குரலை எடுத்துவிட்டேன்.

"இருங்க சார், அந்த வெள்ளம் எப்படி வடிஞ்சுதுன்னு கேளுங்க. நான் பாலத்துல ஏறி நின்னு சொன்னேன், 'ஏனுங் ஆறு, அனுமதியில்லாம இப்படி ஏறுனா நல்லாருக்குங்களா? கொஞ்சம் எறங்குங்!'"

சார் அப்படியே நின்றார். "அட, அது என்ற குரலுங்!"

"உங்க குரலேதான்."

"நான் இங்க வந்து பத்து நாளுதானுங் ஆகுது. அது போன வருசமுங்களே?"

"உங்களுக்கு முந்தி உங்க குரல் வந்துட்டு சார். தேங்காமட்டை வரலையா, அது மாதிரி. இந்த ஆத்த எங்க ஊர்ல எல்லாரும் ஏய், ஓய்னுதான் கூப்பிடுவோம். முதமுதலா ஒருத்தர் மரியாதையாப் பேசவும் வெக்கப்பட்டு இறங்குனது பாருங்க, ஒம்பது, அஞ்சு, ஒண்ணு, வெறும் மணல்! கெண்டை மீனெல்லாம் குடத்தத் தூக்கிட்டுத் தெருக்குழாய்ல வரிசை கட்டிட்டு."

"எந்தத் தெருவுலளா?" அண்ணாச்சி கரண்டியை நீட்டினார்.

"உங்க தெருதான் அண்ணாச்சி. குறுக்க பூந்துட்டுன்னு ஒரு கெண்டைகூட மதினி சண்டை போட்டாகளே, மறந்துட்டியளா?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அவ போட்டிருப்பா," என்றார்.

அந்த நேரம் மாமா தூரிகையை ஆட்டினார். தண்ணியைத் தொட்டாச்சு, வேலை முடிஞ்சாச்சு! "வாங்க சார், அளவு பாக்கலாம்!" என்று நானே முன்னால் ஓடினேன். கால் தரையில் பாவவில்லை.

ஆற்றுப்படியில் இறங்கி நின்றோம். எண்கள் பளபளவென்று எழும்பி நின்றன, நடுவில் சின்னக் கோடுகள்கூட மாமா விடவில்லை. சார் கண்ணைச் சுருக்கித் தண்ணி தொடுகிற கோட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏழு மீட்டர் எழுபது! அபாய அளவே ஆறுங்! கீழ இருக்கற ஊருக்கெல்லாம் உடனே சொல்லோணும்!" போனை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்தார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். உச்சியில் ஒன்று. அதற்குக் கீழே ரெண்டு. அதற்குக் கீழே மூணு. அம்மா சொன்னபடியே முடிச்சுக்கு ஒரு எண், மேலேயிருந்து கீழே. ஆயிரம் புளுகு புளுகிய வாய்க்கு, ஒரே ஒரு உண்மை வர மாட்டேன் என்றது. "சார்... சார்..." என்கிறேன், அவர் நாலாவது எண்ணை அழுத்திவிட்டார். ஊரெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகுது, அம்மா வேலையும் சேர்ந்து போகப் போகுது.

மணி பன்னிரண்டு. பாலத்து மேலே நின்ற அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. முடிச்சுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, வழக்கம்போல ஊருக்கே கேட்கிற மாதிரி ஆபீஸுக்குப் போனில் கத்தினாள்:

"பன்னெண்டு மணி அளவு, ரெண்டு மீட்டர் முப்பது சார்!"

பொறியாளரின் விரல் அந்தரத்தில் நின்றது. தூணைப் பார்த்தார். படியில் நனையாமல் இருந்த தன் ஷூவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். வடத்தில் தொங்கியபடியே கும்பிடு போட்ட மாமாவையும், அவர் வேட்டியில் சொட்டிய பெயிண்டையும் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. ஏழு எழுபது. ரெண்டு முப்பது. பத்து.

"கயித்துலதானுங் அளக்கறாங்க?"

"மூணு நாளா, சார்." வேறு குரல் எதுவும் வரவில்லை. என் சொந்தக் குரல்தான் வந்தது, அதுவும் பாதி.

போனைப் பைக்குள் போட்டார்.

"இந்த மூணு நாளும் மணி தவறாம வந்த அளவு இங்கிருந்து ஒண்ணுதானுங். அதுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான் நேரத்துலயே கிளம்பி வந்தேன். உங்கம்மா வேலைக்கு ஒண்ணும் வராதுங் அம்மணி. அந்தப் பெயிண்டர மட்டும் தலைகீழாத் தொங்க உட்டு, இன்னொருக்கா எழுதச் சொல்லுங்."