கால் என்றால் எங்கே?

கரடி பூவாயிக்குக் கால் வலி.

வலது பின்னங்கால். பத்து அடி நடந்தால் ஒரு முனகல், இருபது அடி நடந்தால் ஒரு நொண்டல்.

கோடை முற்றி நாணல் குளம் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் காட்டு விலங்குகள் எல்லாம் கழுகுக் கணவாய் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வற்றாத சுனைக்குப் போகப் போகின்றன. விடியலில் தொடங்கி ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். வழியில் தண்ணீர் கிடையாது. நொண்டுகிறவர்களுக்காக யாரும் நிற்கவும் முடியாது.

'நான் பாதியில் விழுந்துவிட்டால் என் பிள்ளை கதி என்ன?' என்று பூவாயிக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் சிட்டு. பெயர்தான் சிட்டு. ஒன்றரை வயதில் முற்றிய பலாப்பழம் மாதிரி இருப்பாள்.

மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பூவாயி வைத்தியம் தேடிப் புறப்பட்டாள். முதலில் நரியிடம் போனாள்.

"வைத்தியரே, கால் வலிக்குது!"

"காலா? அப்படியே நீட்டு!" என்றது நரி. உள்ளங்காலில் புற்றுமண்ணைக் குழைத்து அப்பியது. "மூணு நாள் கழுவாதே!"

வலி போகவில்லை. குரங்கிடம் போனாள்.

"தம்பி, கால் வலிக்குது!"

"கால்னா முட்டிதான் அக்கா! வேற என்ன?" குரங்கு முழங்காலைச் சுற்றிக் கொடியை இறுக்கிக் கட்டியது. இப்போது கால் மடங்கவும் இல்லை.

அடுத்து முள்ளம்பன்றி. அது, "காலுக்கு வேர் இடுப்புல இருக்கு!" என்று சொல்லித் திரும்பி நின்று, இடுப்பில் நாலு முள்ளை இறக்கியது. பூவாயி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் அடுத்த காட்டுக்குப் பறந்தன.

கடைசியில், மண் அப்பிய பாதம், கட்டிய முட்டி, முள் குத்திய இடுப்போடு நாணல் குளத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே சேற்றில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது கிழட்டு நாரை. நாள் முழுக்கக் குனிந்து சேற்றையே பார்த்துப் பார்த்து, எந்த அடி யாருடையது, அவர் எப்படி நடந்தார் என்றெல்லாம் சொல்லிவிடும்.

"நாரையக்கா, கால் வலிக்குது!"

"கால்னா எங்கே?" என்றது நாரை.

பூவாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "காலுன்னா காலுதான்!"

"இடுப்புக்குக் கீழே இருக்கிறது எல்லாமே நமக்குக் கால்தான். அதுல எந்த இடம்? விரல் வச்சுக் காட்டு."

பூவாயி முதலில் கணுக்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டாள். பிறகு கெண்டைக்காலைத் தொட்டாள். இத்தனை பேரில் யாரும் இதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"எப்போலருந்து?"

"பனி முடிஞ்சதுலருந்து."

"காலையில எந்திரிச்சு வைக்கிற முதல் அடியிலயே வலிக்குதா? நடக்க நடக்க வலிக்குதா?"

"நடக்க நடக்கத்தான். மேட்டுல ஏறினா உயிர் போகுது."

"சரி, இந்த மண்ணு, கொடி, முள்ளு எல்லாத்தையும் கழட்டு. கால் தெரிஞ்சாத்தானே கால் பார்க்க முடியும்!"

கூட்டம் கூடிவிட்டது. நரி முன்வரிசையில் உட்கார்ந்தது. "ஒத்தைக் காலில் நிக்கிறவளுக்கு நாலு கால் சங்கதி என்ன தெரியும்!" என்று குரங்கின் விலாவில் இடித்துச் சிரித்தது.

பூவாயி சிட்டுவை இறக்கி மருத மரத்தடியில் உட்கார வைத்தாள். "அசையாதே கண்ணு. முள்ளு குத்தும்!"

நாரை அலகால் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தது. அங்கங்கே அழுத்தியது. வலது காலைப் பார்த்த மாதிரியே இடது காலையும் பார்த்தது.

"அது நல்ல கால் அக்கா!"

"நல்ல கால் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் கெட்ட கால் எப்படிக் கெட்டிருக்குன்னு தெரியும்."

பிறகு நகங்களைப் பார்த்தது. இடது கால் நகங்கள் ஒரே அளவாக இருந்தன. வலது காலில் மட்டும் வெளிப்பக்கத்து நகங்கள் மழுங்கித் தேய்ந்திருந்தன. நாரை "ம்ம்" என்றது.

"இப்போ வலது காலில் மட்டும் நில்லு பார்ப்போம்."

"நீ நிப்பே. நான் நிப்பேனா?"

"முயற்சி பண்ணு."

பூவாயி முயற்சி செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நரியின் மேலேயே தொப்பென்று விழுந்தாள்.

"ஐயோ! அம்மா!" என்று கத்தியது நரி.

"அந்தக் காலில் பலம் குறைஞ்சிருக்கு," என்றது நாரை, நரியைத் திரும்பியும் பார்க்காமல். "எந்திரி. அந்தப் பாறை வரைக்கும் நடந்து போயிட்டு வா."

இங்கேதான் வம்பு வந்தது. பூவாயி நடந்தாள். நேராக நடந்தாள். போனாள், வந்தாள், நொண்டவே இல்லை!

"இன்னொரு தரம்," என்றது நாரை.

இன்னொரு தரமும் அப்படியே. ஒரு முனகல்கூட இல்லை.

"நடிப்பு!" என்று குதித்தது குரங்கு. "கணவாய் ஏறச் சோம்பல். யாராவது தூக்கிட்டுப் போகட்டும்னு நாடகம்!"

"என் மருந்துலதான் குணமாச்சு!" என்று நரி படுத்தபடியே குரல் கொடுத்தது.

பூவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா வலிச்சுது அக்கா! இங்க வரும்போதுகூட வலிச்சுது!"

"எனக்கு இன்னும் விளங்கலை," என்றது நாரை. "நாளைக்கு வா."

எல்லோரும் சிரித்தார்கள். பூவாயி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். "வா கண்ணு, ஏறிக்கோ. நடந்தா உனக்குக் கால் நோகும்." சிட்டு தாவி ஏறினாள். பூவாயி புறப்பட்டாள். பத்து அடி போனதும் முனகினாள்.

நாரை வழக்கம்போலக் குனிந்து சேற்றைப் பார்த்தது. பார்த்தது பார்த்தபடி நின்றது. பிறகு இரண்டாவது காலையும் கீழே ஊன்றிவிட்டது. அது அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"பூவாயி, நில்லு! திரும்பி வா! எல்லாரும் இங்க வந்து பாருங்க!"

சேற்றில் பூவாயியின் தடம் மூன்று வரிசையாக இருந்தது. வந்த தடத்தில் வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, அரை சாண் புதைந்திருந்தது. பாறைக்குப் போய்வந்த தடத்தில் இரண்டு பாதமும் ஒரே ஆழம். இப்போது புறப்பட்ட தடத்தில் மறுபடியும் வலது பாதம் அரை சாண்.

"நடுத் தடத்துல மட்டும் உன்கிட்ட என்ன இல்லை?" என்று கேட்டது நாரை.

பூவாயி யோசித்தாள். முதுகில் உட்கார்ந்திருந்த சிட்டு, அம்மாவின் வலது தோளில் சாய்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"கால் உன்னோடதுதான். ஆனா நோவு முதுகுல உக்காந்திருக்கு!"

"என் பிள்ளையைப் போய் நோவுங்கிறியா!" பூவாயி உறுமிய உறுமலில் குரங்கு மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

"பிள்ளையைச் சொல்லலை, பாரத்தைச் சொல்றேன். அவளை முதுகுல வச்சுக்கிட்டே கறையானை எந்தக் கையால எடுத்து ஊட்டுவே?"

"வலது கையால."

"அதான் எந்நேரமும் வலது பக்கமே சாயுறா. பாரமெல்லாம் அந்த ஒரு கால்ல இறங்குது. அவளை இறக்கி விடு."

"அவளால நடக்க முடியாதே அக்கா! பச்சைப் பிள்ளை!"

"அப்படியா? குளத்தைச் சுத்தி இருக்கிற இந்தச் சின்ன அடியெல்லாம் யாரோடது?"

எல்லோரும் பார்த்தார்கள். மருத மரத்தடியில் தொடங்கிய குட்டிப் பாதத் தடம் குளத்தைச் சுற்றி ஓடியது. ஒரு நண்டின் தடம் முன்னால், அதைத் துரத்திய தடம் பின்னால். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றின் பாதியில் நண்டின் தடம் மட்டும் முடிந்துவிட்டது.

பூவாயி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "சிட்டு, வாயில என்னடி?"

"நண்டும்மா," என்றாள் சிட்டு.

பூவாயி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னையிலருந்தே அவ நடக்கட்டும், கணவாய் ஏறுறப்போவும்தான்," என்றது நாரை. "நீ காலையில மரத்துல கையை ஊன்றி, குதிகாலை எடுக்காம கெண்டைக்காலை நீட்டு. பலம் தானா வரும்."

"பாறை வர்ற இடத்துல மட்டும் தூக்கிக்கவா?"

"கூடாது."

"தூங்கும்போது?"

"தூங்கும்போது தூக்கிட்டு எங்கே போகப்போறே?"

பூவாயிக்கு மனசே இல்லை. ஆனாலும் இறக்கி விட்டாள். முதல் நாள் சிட்டு ஊரைக் கூட்டி அழுதாள். இரண்டாம் நாள் அம்மாவுக்கு முன்னால் ஓடினாள். எட்டாம் நாள், பூவாயி வலது காலில் மட்டும் நின்று இருபது எண்ணினாள்.

பன்னிரண்டாம் நாள் எல்லோரும் கணவாய் ஏறினார்கள். சிட்டு முன்னால் குதித்துக்கொண்டு போனாள். பூவாயி பின்னால், "பள்ளம்! பார்த்து! முள்ளு! மெதுவா!" என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே ஏறினாள். தொண்டைதான் கட்டியது. கால் வலிக்கவில்லை.

எல்லோருக்கும் கடைசியாக நரி முனகிக்கொண்டே வந்தது. அன்றைக்கு வாங்கிய அடி இன்னும் தீரவில்லை.

"நாரையக்கா! கால் வலிக்குது!" என்று கூப்பிட்டது.

மேலே பறந்துகொண்டிருந்த நாரை வாயைத் திறப்பதற்குள், காட்டு விலங்குகள் எல்லாம் ஒரே குரலில் கேட்டன: "கால்னா எங்கே?"

வலி தெரிகிற இடம் ஒன்று, வலி பிறக்கிற இடம் வேறு என்பதால், மருந்து போடும் முன் நடையை முழுதாகப் பார்க்க வேண்டும்.