மயிலாத்தாளுக்கு விழுந்த கிரைண்டர்

ஓலப்பாளையம் ஜவுளிக்கடையில் குப்புராசு, சடையப்பன், நாச்சிமுத்து என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று மூளையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் கொஞ்சம் குறையும். மற்றபடி தங்கமான மனுஷர்கள்.

ஆடித் தள்ளுபடிக் குலுக்கலில் மயிலாத்தாள் என்ற வாடிக்கையாளருக்குக் கிரைண்டர் விழுந்தது. வெளியூர் கிளம்பிய முதலாளி கண்டிப்பாகச் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல எப்படி இருக்குதோ, அப்படியே இருக்கிற ஆளுக்குத்தான் குடுக்கோணும். ஒண்ணு மாறினாலும் மூணு பேருக்கும் வேலை இல்லை. சாயங்காலத்துக்குள்ள குடுத்துக் கையெழுத்து வாங்கி வைங்க."

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். பெயர் மட்டும் இருந்தது. விலாசம், போன், பிறந்த தேதி எல்லாக் கட்டமும் காலி. பில் போட்ட அன்று கூட்டம். கேட்டு எழுத நாச்சிமுத்துவுக்குச் சோம்பல். அதை அவரே மறந்துவிட்டார்.

"பாவம், வீடு வாசல் இல்லாத பொம்பள" என்று சடையப்பன் கண் கலங்கினார்.

"வீட்டை விடப்பா. இன்னும் பொறக்கவே இல்லியே!" என்றார் நாச்சிமுத்து.

"பொறக்காம எப்படிச் சீலை எடுத்தாங்க?"

"தள்ளுபடின்னா யார்தான் வரமாட்டாங்க?" என்றார் குப்புராசு. அது நியாயமாகப் பட்டது.

அந்த நேரம் மயிலாத்தாளே வந்து நின்றாள். "மாவு வித்துப் பொழைக்கிறவ சாமி. பழைய கிரைண்டர் புகைஞ்சு நின்னு எட்டு நாளாச்சு. கையால ஆட்டி ஆட்டித் தோளே கழண்டு போச்சு. சீக்கிரம் குடுங்க."

"வீடு இருக்குதுங்களா?" என்று கேட்டார் குப்புராசு.

"மாரியம்மன் கோயில் வீதியில."

"போனு?"

தூக்கிக் காட்டினாள்.

"பொறந்துட்டீங்களா?"

"பொறக்காமயா நிக்கறேன்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்புராசு கைகூப்பினார். "நீங்க வேற மயிலாத்தாளுங்க. எங்க மயிலாத்தாளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே கிடையாது."

கதை சொல்லும் எனக்கே அடிக்கலாம் போல இருந்தது. அவள் அடிக்கவில்லை. முதலாளி வராமல் நகரமாட்டேன் என்று கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். "குடுத்தாச்சுங்க!" என்று மூவரும் கண்ணாடி அலமாரியைக் காட்டினார்கள். பட்டுச்சீலை கட்டிய கடைப் பொம்மை, கழுத்தில் மாலை, காலடியில் கிரைண்டர்.

"வீடு இல்லை, போன் இல்லை, பொறக்கவும் இல்லை. அப்படியே பொருந்துதுங்க" என்றார் சடையப்பன்.

"அடப்பாவிகளா, பேரு?"

"மயிலாத்தாளான்னு மூணு வாட்டி கேட்டோமுங்க. இல்லைன்னு சொல்லலை."

முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்து?"

"அலமாரியில நிக்கிறவங்களுக்கு வலது கை கழண்டு, அது போன மாசமே குடோனுக்குப் போயிருச்சுங்களே. அந்தக் கட்டமும் காலிதான்" என்றார் நாச்சிமுத்து பெருமையாக. "அதுலகூட ஒத்துப்போச்சுங்க!"