பானகம் வடித்த துணி

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மடத்தில் மதியம்தோறும் நோயாளிகளுக்குச் சோறு போடுவார்கள். மடத்தின் குரு சிவகாமி அம்மை. பந்தி விசாரிப்பது சீடர் சட்டநாதர். குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர். நல்ல குரல் வளம். அது நல்ல குரல் என்பது அவருக்கும் தெரியும்.

சட்டநாதருக்கு எச்சில் என்றால் ஆகாது. செம்பை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்தவரை, யாரென்றும் பாராமல், பந்தியிலிருந்து எழுப்பியிருக்கிறார். ஊரில் விஷக்காய்ச்சல் பரவியபோது, முகக்கவசம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் எழுதி மாட்டியவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் அன்று பந்தி முடிந்ததும் முகமெல்லாம் வெளுத்து அம்மையிடம் வந்தார். அம்மை அடுக்களையில் குருபூசைக்குப் பானகம் கரைத்துக்கொண்டிருந்தார்.

"தாயே, ஒரு பொண்ணு இலையில போட்ட சோத்தை அப்படியே விட்டுட்டு எழுந்து போயிட்டா. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அவமானம் பட்டதில்ல."

"எந்தப் பொண்ணு?"

"வேணி. அவங்கம்மா சிறுநீரகத்தை எடுத்து அவளுக்கு வச்சிருக்காங்களே, அந்தப் பொண்ணு. சின்னச் சளி பிடிச்சாலும் உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். அதான் சன்னலோரமா தனியா இலை போட்டேன்."

"நல்லது. அப்புறம் எதுக்கு எழுந்து போனா?"

"அதுதான் எனக்கும் விளங்கல. பாவம், பயந்த முகமா உக்காந்திருந்தா. மனசு கேக்காம, பக்கத்துல குனிஞ்சு ஒரு பதிகம் பாடினேன். முதல் வரி முடியல, புடவைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டா. என் பாட்டு அவளுக்கு நாறுதா?"

"முகக்கவசத்தோடதானே பாடினீங்க?"

"அதைப் போட்டுக்கிட்டுப் பாடினா சொல்லு தெளிவா விழுமா, தாயே? பாடுறப்ப மட்டும் தாடைக்கு இறக்கிக்கிட்டேன். மத்த நேரமெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அவ?"

"அவ சாப்பிட உக்காந்தவ. அப்பத்தான் கழட்டி வச்சா."

அம்மை கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்க முகக்கவசத்தைக் கொடுங்க."

சட்டநாதர் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக் கழற்றிக் கொடுத்தார். காலையிலிருந்து வியர்வையிலும் மூச்சிலும் ஊறிய துணி. அம்மை அதை ஒரு டம்ளரின் வாயில் விரித்துப் பிடித்தார். ஒரு கரண்டி பானகத்தை மொண்டு, நிதானமாக அதன்மேல் ஊற்றினார்.

சட்டநாதருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன காரியம் செய்றீங்க? அது என் வாயில கிடந்த துணி."

"நல்ல துணிதான். சுக்குத் தூளெல்லாம் மேலேயே நிக்குது பாருங்க."

பானகம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. டம்ளர் பாதி நிறைந்ததும் அம்மை அதை அவரிடம் நீட்டினார்.

"குடிங்க."

"எச்சில், தாயே."

"உங்க எச்சில்தானே?"

"என்னுதா இருந்தாலும் எச்சில் எச்சில்தான். என்னால முடியாது."

"சரி. அப்ப ஆஸ்பத்திரிக்குப் போய் வேணிக்குக் கொடுத்துட்டு வர்றேன். சாப்பிடாமப் போயிருக்கா."

அம்மை டம்ளரோடு எழுந்துவிட்டார். சட்டநாதர் வாசற்படியை மறித்து நின்றார். குருவின் வழியை அவர் மறித்தது அதுவே முதல் தடவை.

"வேண்டாம். அந்த உடம்பு இதைத் தாங்காது. கொன்னுடாதீங்க."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

"இது துணி பிடிச்சு வச்ச எச்சில். துணியை இறக்கிட்டுப் பாடினீங்களே, அப்ப வந்த எச்சில் எங்க போச்சு?"

சன்னலோரத்து இலை சட்டநாதர் கண்ணில் நின்றது. எவ்வளவு கிட்டத்தில் குனிந்தோம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளரை வாங்கிப்போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார்.

"அவளுக்கு ஏதாவது ஆயிடுமா, தாயே?"

"தெரியாது. முதல் வரியிலயே ஓடினா. அதுதான் நமக்கு இருக்கிற ஆறுதல்."

சட்டநாதர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பானையிலிருந்து புதுச் சோறு எடுத்துப் பொட்டலம் கட்டினார். துவைத்த முகக்கவசம் ஒன்றை எடுத்தார். முன்பக்கம் தொடப்போன கையை இழுத்துக்கொண்டு, காதுப் பட்டையைப் பிடித்து மாட்டி, மூக்கு மறைய ஏற்றிவிட்டார். வாசல் வரை போனவர் அங்கேயே நின்றார்.

"மன்னிப்புக் கேக்கணும் தாயே. ஆனா இதை இறக்காமச் சொன்னா, அவளுக்குச் சரியாக் காதுல விழாதே."

"தள்ளி நின்னு சத்தமாச் சொல்லுங்க. மன்னிப்பு தெருவுல போறவங்க காதுல விழுந்தாலும் யாருக்கும் காய்ச்சல் வராது."