தயாரிப்பாளர் கதை சொன்னார்

படம் ஊத்திக்கொண்டது. வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிறு மாலை எந்தத் தியேட்டரிலும் இல்லை.

தயாரிப்பாளர் நல்லசிவம் நேரே மலையடிவாரத்துக்குப் போனார். அங்கே ஒரு சாமியம்மா. அவரைவிட வயதில் சின்னவள்தான். யாராயிருந்தாலும் நீ என்றுதான் பேசுவாள். அவளைத்தான் அவர் குருவாக வைத்திருந்தார்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அநியாயம்மா! பெரிய ஹீரோ கிடையாது, கம்பெனி கிடையாது, தனியா நின்னு எடுத்த படம். கடைசிக் காட்சியில சிரிக்கிறானுங்க! அழ வேண்டிய இடத்துல சிரிக்கிறானுங்க! ரசனை கெட்ட ஜனம்!"

"ம்."

"முடிவு சோகமா இருக்கு, மாத்துன்னான் விநியோகஸ்தன். மாத்தினேன். இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறான். படத்தை டைரக்ட் பண்ணின பொண்ணு, மாத்த மாட்டேன்னு சண்டை போட்டுட்டுப் போயிட்டா. எல்லாரும் சேர்ந்து என் கழுத்தை அறுத்துட்டாங்க. தெற்கு ஜில்லாவுல எல்லாம் வர்ற வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ். அங்கேயும் சிரிச்சா நான் இனிமே படமே எடுக்க முடியாது."

"நான் சினிமா பார்த்ததில்லை. கதையைச் சொல்லு."

நல்லசிவம் விழித்தார். சினிமாவில் டைரக்டர் கதை சொல்வார், தயாரிப்பாளர் கேட்பார். பிடித்தால் அட்வான்ஸ். பிடிக்காவிட்டால் ஒரு காபி. அவர் ஆயுள் முழுக்கக் கேட்டவர். யாருக்கும் சொன்னதில்லை.

"சொல்லுன்னேன்."

சொன்னார். கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவள் பேச்சி. லாரி ஓட்டப் போன புருஷன் திரும்பவில்லை. போன இடத்தில் வேறு குடும்பம் என்கிறார்கள்.

சொல்லச் சொல்ல அவர் இரைச்சல் தணிந்தது.

"ஒருநாள் வாசல்ல வந்து நிக்கிறாம்மா. பேச்சி ஒண்ணும் கேக்கல. ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து கொடுக்கிறா. குடிக்கிறான். சொம்பை வாங்கிக்கிறா. கதவைச் சாத்துறா. அவ்வளவுதான்."

கீரை உருவிய கை நின்றது.

"இதுக்கா சிரிச்சாங்க?"

"இல்லம்மா. படத்துல அவ ஓடி வந்து அவன் கால்ல விழுவா. அப்புறம் ஊட்டியில ஒரு டூயட்..."



"அப்போ எனக்கு எந்தப் படத்தைச் சொன்னே?"

நல்லசிவம் ஒரு கீரைக் காம்பை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

"போ. இங்கே ஏன் உட்கார்ந்திருக்கே?"

மறுநாள் எடிட்டிங் அறைக்குத் திரும்ப வரவழைத்த அந்த டைரக்டர் பெண்ணின் முன் நல்லசிவம் கைகூப்பினார்.

"தப்பு என்னுதும்மா. பணம் போட்டவன் நான்தானேங்கிற திமிர்ல..."

"தள்ளி உக்காருங்க சார். கம்ப்யூட்டரை மறைக்கிறீங்க."

ஊட்டி போயிற்று. முதலில் எடுத்திருந்த கதவுக் காட்சி திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை, தூத்துக்குடி. பேச்சி கதவைச் சாத்தினாள். தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

இருட்டில் எழுத்து வந்தது.

எழுத்து, இயக்கம்: எஸ்தர் ராஜமணி.