சேராத கோடுகள்

தன் வேட்டைநாய் பந்தயத்தில் ஜெயித்ததும் ஜமீன்தாருக்குத் தலைகால் புரியவில்லை. அதன் வம்சத்தை அரண்மனைச் சுவரில் மரமாக வரையும்படி ஓவியக்காரி செண்டாயியிடம் சொன்னார்.

"பிரிஞ்ச கிளை மறுபடி சேரக்கூடாது. சேர்ந்தா கலப்பு. என் நாயைப் பெத்த தெருநாய் படத்துல தெரிஞ்சா உன் விரல் போயிடும்."

அந்தத் தெருநாய்க்குச் சோறு போட்டு வளர்த்தவளே செண்டாயிதான். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்து முடித்தாள்.

ஜமீன்தார் முறைத்தார். "எல்லாம் அப்பன் நாயா இருக்கு. ஒரு தாய்கூட இல்லையே?"

"தாயையும் போட்டா ஒவ்வொரு குட்டிகிட்டயும் ரெண்டு கோடு சேர்ந்துடும் சாமி. அப்புறம் அது மரமில்ல, வலை. பக்கத்துச் சுவர்ல உங்க வம்சமும் இப்படித்தான் இருக்கு. பெரிய நாச்சியாரைக் காணோம்."

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரிய நாச்சியார், ஜமீன்தாரைப் பெற்றவள், எழுந்து வந்தாள். இரண்டு சுவரையும் பார்த்துவிட்டு மகன் பக்கம் கையை நீட்டினாள்.

"செண்டாயி, முதல்ல அந்த நாயோட ஆத்தாள வரை. அப்புறம் இந்த நாயோட ஆத்தாள வரை."