மூன்று சக்கர இங்கிலீஷ்

ஆட்டோவின் பின்சக்கரத்திலிருந்து காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. வால்வில் தீக்குச்சியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா.

"டீச்சர், வாடகை வண்டி டீச்சர் அது" என்றார் வடமலை.

"தெரியும்ணே. கொஞ்சம் இருங்க."

அவளுக்குப் பத்தொன்பது வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரர்களிடம் சங்குமாலை விற்று இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். வடமலைக்கு நாற்பது தாண்டிவிட்டது. மறுநாள் ஒரு ஓட்டலில் கார் டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ. எப்படியும் பிடித்தே தீருவது என்று அவளிடம் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார்.

உங்களைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தாள்.

"ஐ டோன்ட் ஸ்மோக், நோ டிரிங்கிங், டு லை இஸ் பேட் ஹேபிட்."

"ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் இழுக்குதுண்ணே."

"அர்த்தம் புரியுதுல்ல? அது போதாதா?"

அதற்குத்தான் தீக்குச்சி.

"இப்ப ஓட்டுங்க."

வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து போனது. ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டித் தெருமுனை வரை போய் வந்தார். டீக்கடையில் ஒருவன் கேட்டான், "என்ன வடமலை, வண்டி தண்ணி போட்டிருக்கா?"

"போய்ச் சேந்தீங்கல்ல" என்றாள் ஜெசிந்தா. "உங்க அர்த்தமும் அப்படித்தான் வந்து சேருது."

வடமலை ஸ்டெப்னியைக் கழற்றினார்.

"மூணையும் ஒரே மாதிரி சொல்லுங்க. ஐ டோன்ட் ஸ்மோக், ஐ டோன்ட் டிரிங்க், ஐ டோன்ட் லை."

நட்டை முறுக்க முறுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி தூக்கத்திலும் சொன்னதாக அவர் மனைவி சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் வந்து நின்றார்.

"சொன்னீங்களா?"

"ஐ டோன்ட் ஸ்மோக், ஐ டோன்ட் லை. ரெண்டும் ஒரே மாதிரி சொன்னேன்."

"நடுவுல உள்ளது?"

"நாக்கு வரைக்கும் வந்துச்சு டீச்சர். போன ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுல போட்டது ஞாபகம் வந்துடுச்சு. அதைச் சொன்னா அடுத்ததைச் சொல்ல முடியாது."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"திங்கக்கிழமை கார் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்காரு."

"அப்ப ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுப் பக்கம் போயிடாதீங்க."

வடமலை சிரிக்கவில்லை. "நீங்க மூணு சொல்லச் சொன்னீங்க. நான் சொல்லலியே."

மீன்கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் பைக்கில் போனார். அது தெரு திரும்பும்வரை ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சக்கரத்துலயும் வண்டி ஓடும்ணே."